வலது கையில் போட்ட வளையல்

போன ஞாயிற்றுக்கிழமை ஊரப்பாக்கத்து வாடகை வீட்டில் கண்ணகியின் வளைகாப்புக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர்கள் புளிசாதத்தை மறந்திருக்கலாம், தேங்காய் சாதத்தை மறந்திருக்கலாம். கண்ணகி செய்த காரியத்தை மறந்திருக்க முடியாது.

சுமங்கலிகள் வளையல் தட்டைச் சுற்றி நிற்க, சமையல்கட்டில் ஒதுங்கியிருந்த தன் அம்மா வரலட்சுமியை அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "நீ போட்டாத்தான் மத்தவங்க போடணும்" என்று வலது கையை நீட்டினாள். புருஷனை இழந்தவள் சுபகாரியத்தில் வளையலைத் தொடுவதா? வரலட்சுமியே வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சினாள். கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டுவிட்டாள். மாமியார் ஜெகதாம்பாள் சந்தனக் கிண்ணத்தை அடுத்தவள் பக்கம் நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

நல்ல காரியம்தான். ஆனால் இந்த உலகத்தில் கெட்ட காரியம் செய்தவள் படுத்துத் தூங்குவாள். நல்ல காரியம் செய்தவள்தான் விளக்கம் சொல்லிக்கொண்டே அலைய வேண்டும்.

கண்ணகிக்கு விளக்கம் சொல்லவும் வழியில்லை. காரணம், அந்த வலது கை. ஆடி மாதத்திலிருந்தே அது சரியில்லை. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப் போகும். தூக்கத்தில் எறும்பு ஊறுவது போல் இருக்கும்; எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் உயிர் வரும். யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? போன வருஷம் அமெரிக்காவில் அந்த இரட்டைக் கட்டடங்கள் விழுந்ததிலிருந்து மாமல்லபுரத்துக்கு வெள்ளைக்காரர்கள் வரத்து நின்றுவிட்டது. கண்ணகியின் கணவன் மணி ஓட்டும் டூரிஸ்ட் வேன் பாதி நாள் வாசலிலேயே நிற்கிறது. மாமனார் கண்ணாயிரம் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்தில் நிலத்தோடு மாரடிக்கிறார். வீட்டில் அடுப்பு எரிவது கண்ணகி டைப் அடிக்கப் போவதால்தான்.

முன்பு அப்படி. இப்போது, வளைகாப்பு முடிந்த பிறகு, வாயைத் திறந்தால் இன்னொரு வினை. கை வலிக்கிறது என்று சொன்னால் எந்தக் கை என்று கேட்பார்கள். வலது கை என்றால், அதில் முதலில் வளையல் போட்டது யார் என்பார்கள்.

*

வியாழக்கிழமை காலை. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கால் வீக்கம் ஒரு பக்கம், முதுகு வலி ஒரு பக்கம். கண்ணகி எழுந்ததே பாதி உயிரோடுதான்.

சோற்றுப் பானையைக் கஞ்சி வடிக்கத் தூக்கினாள். வலது கையில் பிடி இருப்பதாகத்தான் நினைத்தாள். இல்லை. பானை சரிந்து சோறும் கஞ்சியும் தரையெல்லாம் ஓடின. காலை இழுத்துக்கொண்டதால் வெந்துபோகாமல் தப்பித்தாள்.

சத்தம் கேட்டு நாத்தனார் துர்காதேவி ஓடி வந்தாள். முட்டுக்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்புக்கு வந்தவள் மழையைச் சாக்கிட்டுத் தங்கிவிட்டாள்.

"இன்னா அண்ணி, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. வழுக்கிடிச்சி."

"வழுக்கிச்சா? எந்தக் கைல புட்ச்சீங்க?"

கண்ணகி துணியை எடுத்துக் குனியப் போனாள். ஏழு மாத வயிறு இடம் கொடுக்கவில்லை. துர்கா அவளுடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் வீங்கிச் சிவந்து கிடந்தன.

"சொன்னா கோச்சிக்குவீங்க. அன்னிக்கே எனக்கு மன்சு சரியில்ல" என்றாள் துர்கா. "பெரியவங்க ஒண்ணு வெச்சிகீறாங்கன்னா சும்மாவா வெச்சிகீறாங்க?"

"துர்கா, வாய மூடு" என்றாள் ஜெகதாம்பாள் பின்னாலிருந்து. விளக்குமாற்றை எடுத்துச் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தாள். "நீ கெளம்பு. ஆபீசுக்கு நேரமாவுது. நா பாத்துக்கறேன்."

மாமியார் தனக்காகப் பேசிவிட்டார் என்று கண்ணகிக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கியது. பாவம், ரொம்பக் களைத்தவர்களுக்கு இப்படித்தான், கிடைத்ததையெல்லாம் அன்பு என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

*

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருக்கிறது அந்த ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிவைத்ததை இங்கே பெண்கள் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பார்கள். காலில் ஒரு பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், விட்டால் நிற்பார். புருஷன்மார்களுக்கும் இப்படி ஒரு பெடல் இருந்தால் தேவலை என்று அங்கே ஒரு பழைய ஜோக் உண்டு.

மேஜைகள் மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரிலிருந்து மலிவாக வாங்கியவை. எழுதுவதற்கு நல்ல உயரம், டைப் அடிக்க ஆகாத உயரம். நாற்காலி பிளாஸ்டிக். தோளைத் தூக்கி, மணிக்கட்டை மேஜை விளிம்பில் ஊன்றித்தான் அடிக்க வேண்டும். போதாததற்குக் கண்ணகி டைப்ரைட்டிங் ஹையரில் ஃபர்ஸ்ட் கிளாஸ். மாமல்லபுரத்து இன்ஸ்டிட்யூட்டின் பழைய மெஷினில் ஓங்கி அடித்துப் பழகிய விரல்கள். கம்ப்யூட்டர் கீபோர்டையும் அவள் அப்படியேதான் குத்துவாள். எழுத்து பதிய வேண்டுமே என்ற பயம் விரலை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை வளையல்களோடு வந்ததும் புதுத் தொல்லை ஆரம்பித்தது. ஒவ்வொரு அடிக்கும் வளையல் குலுங்கியது. "அக்கா, டாக்டர் பேசறதே கேக்கல" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அதனால் வளையல்களை முழங்கை பக்கம் ஏற்றி, மேலே ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சத்தம் நின்றது. ஏற்கெனவே நீர் கோத்த கை அந்தக் கட்டுக்குள் இன்னும் வீங்கியது.

இன்றைக்குக் காலை பதினோரு மணிக்கெல்லாம் விரல்கள் அவளுடையவையாக இல்லை. யாரோ ஒருத்தியின் விரல்கள். எந்த எழுத்தின் மேல் இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கைக்குட்டையை அவிழ்த்துவிட்டு, மேஜைக்குக் கீழே யாரும் பார்க்காமல் கையை உதறினாள். உதறிய வேகத்தில் கை மேஜைக் காலில் மோதியது.

சில வளையல்கள் உடைந்து சிதறின. மணிக்கட்டில் கோடாக ரத்தம்.

கண்ணகி ஹெட்போனைக் கூடக் கழற்றவில்லை. அமெரிக்க டாக்டர் காதில் யாருடைய முழங்காலைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்க, அவள் தரையில் கிடந்த பச்சைக் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து அழுதாள். வலியால் அழவில்லை. இதை வீட்டில் எப்படிக் காட்டுவது என்று அழுதாள்.

சூப்பர்வைசர் மேரி வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கைக்குட்டை பதிந்த தடம், மேஜை விளிம்பு பதிந்த தடம். இரண்டும் வரிவரியாக இருந்தன.

"எத்தன நாளா இப்டி?"

"ஆடியிலேருந்து மேடம்."

"ஆடியிலேருந்தா? ஏன்மா சொல்லல?"

"வேலைய விட்டு நிறுத்திடுவீங்கன்னு."

மேரி பெருமூச்சு விட்டாள். திட்டுவதற்கு அவளுக்கும் தெம்பில்லை. குடையை எடுத்துக்கொண்டு கண்ணகியை ஸ்டேஷன் பக்கத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள்.

லேடி டாக்டர் விரல்களைத் தட்டிப் பார்த்தார், மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பு போகும் வழி குறுகலானது, பிள்ளைத்தாய்ச்சிக்கு உடம்பில் நீர் கோக்கும்போது அது இன்னும் நெருக்கும், அதன்மேல் இப்படி விளிம்பில் அழுத்திக்கொண்டு நாள் முழுக்க அடித்தால் நரம்பு என்ன செய்யும் என்று கேட்டார். மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை எழுதிக்கொடுத்தார், முக்கியமாகத் தூங்கும்போது கட்டிக்கொள்ள. பிரசவத்துக்கு அப்புறம் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். அதுவரை ஜாக்கிரதையாக இருந்தால்.

"இல்லன்னா டாக்டர்?"

"பிடி தளர்ந்துபோகும். புள்ளையத் தூக்கணும் இல்ல, அதுக்காவது கைய வெச்சிக்கோ. மொதல்ல இந்தக் கை வளையலக் கழட்டு."

காலையில் கையிலிருந்து நழுவிய பானை கண்ணகிக்கு நினைவு வந்தது. வயிற்றின் மேல் இடது கையை வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது மேரி சொல்லிக்கொண்டே வந்தாள். "நாற்காலில ரெண்டு தலகாணி போட்டு ஏத்தி உக்காரணும். முழங்கையும் கீபோர்டும் ஒரே மட்டத்துல இருக்கணும். கீழ கால் தொங்காம ஒரு பலகை. மணிக்கட்டு நேரா இருக்கணும், விளிம்புல படவே கூடாது. அப்புறம் இது டைப்ரைட்டர் இல்லம்மா. தொட்டாப் போதும், குத்தாத. ஒரு ஃபைல் முடிஞ்சா கைய மடில போட்டு விரல விரிச்சு மூடு. எல்லார்கிட்டயும் இத மொதல் நாளே சொல்லியிருக்கணும். நா சொல்லல. டார்கெட் டார்கெட்னே ஓடிட்டேன்."

"வேலை போயிடுமா மேடம்?"

"வூட்லயே செய்யறதுக்கு அடுத்த வாரம் ரெண்டு பேருக்குக் கம்ப்யூட்டர் தராங்க. உம் பேரும் இருக்கு. பத்து நாள் கைக்கு ரெஸ்ட் குடு, நா பேசிப் பாக்கறேன். ஃபைல் போன் லைன்லதான் வரும், அதனால போன் இருக்கிற வூடா இருக்கணும், அது ஒண்ணுதான். உங்க வூட்ல இருக்கில்ல?"

இருக்கிறது. ஊரப்பாக்கத்து மாமியார் வீட்டில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் அம்மா இருக்கும் ஒற்றை அறையில் இல்லை.

*

சாயங்காலம் வீட்டுப் படியேறும்போதே வாசலில் அந்தச் செருப்பு கிடந்தது. வார் அறுந்து பின் குத்தியது. அம்மாவுடையது.

வரலட்சுமி கூடத்துச் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்து இஸ்திரி போடுபவள். வேலை செய்யும் சேலையோடு அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறாள். துர்கா மத்தியானம் லாட்ஜுக்குப் போன் போட்டிருக்கிறாள். என்ன சொன்னாளோ, எப்படிச் சொன்னாளோ, அம்மாவின் முகம் அதைச் சொன்னது.

"கையக் காட்டு" என்றாள் வரலட்சுமி.

கண்ணகி முந்தானைக்குள் கையை இழுத்துக்கொண்டாள். அம்மா விடவில்லை. உடைந்த வளையல்களின் இடத்தையும் ரத்தக் கோட்டையும் பார்த்தாள்.

"நாந்தான் வேணாம்னு சொன்னேனே. கேட்டியா? கொண்டாந்து உக்கார வெச்சிட்டியே." குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. ஜெகதாம்பாள் பக்கம் திரும்பினாள். "சம்மந்தி, நான் போட்டதெல்லாம் கழட்டிப் போட்டுட்டு நீங்க உங்க கையால புதுசு போட்டு வுடுங்க. அம்மனுக்கு இன்னா செய்யணுமோ நா செய்யறேன். எம் பேரப்புள்ளைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது."

துர்கா சொல்லட்டும், தெருவே சொல்லட்டும். அம்மாவே அதை நம்புகிறாள். தன் கை விஷம் என்று அம்மாவே நம்புகிறாள். அந்தக் கையால் சலவைக் கல்லில் அடித்து அடித்துத்தான் கண்ணகியை ஹையர் வரை படிக்க வைத்தாள் என்பது எல்லாம் எங்கே போயிற்று?

"அம்மா, இது வளையலால இல்ல. டாக்டரப் பாத்துட்டுத்தான் வர்றேன். டைப் அடிச்சு அடிச்சு நரம்பு அழுந்திப் போயிருக்கு. ஆடி மாசத்துலேருந்தே வலிக்குது."

வரலட்சுமி தலையை ஆட்டினாள். "எனக்கோசரம் சொல்ற."

"சத்தியமா."

"வயித்துப் புள்ளையோட பொய் சத்தியம் பண்ணாத."

"ஆடியிலேயே வலிச்சிருந்தா வூட்ல கீற எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் துர்கா. "அம்மா, உனுக்குத் தெரியுமா? நீயே சொல்லு. தெரியுமா?"

ஜெகதாம்பாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரியும்."

துர்கா வாயைப் பிளந்தாள்.

"அவ தொவச்சிக் கொடில போட்ட துணில தண்ணி சொட்டும். பிழிய முடியல. அவ அந்தாண்ட போனதும் நா எடுத்து மறுக்கா பிழிஞ்சு போடுவேன். டீ டம்ளர எடது கைல புடிப்பா. ஆடிலேருந்துதான். வளையலுக்கு மின்னாடியே." ஜெகதாம்பாள் யாரையும் பார்க்காமல் பேசினாள். "சொன்னா இன்னா ஆவும்? வேலைக்குப் போவாதன்னு எல்லாரும் சொல்லணும். வண்டி நிக்குது. சோத்துக்கு எங்க போறது? சரி, புள்ள பொறக்கற வரிக்கும் ஓடட்டும்னு வுட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பொய் சொல்லி எழுந்து போயிருக்கலாம், அப்படியும் செய்யவில்லை. அதற்காக அவளை மெச்சுவதா, இத்தனை நாள் மூடி வைத்ததற்காக ஏசுவதா, எனக்கே தெரியவில்லை.

கண்ணகிக்குத் தெரிந்தது. கோபம் வந்தது. துர்கா மேல் வராத கோபம். திரும்பத் துணியைப் பிழிந்து போட்ட கையை நினைத்தால் பாசமாகவும் இருந்தது, அந்தப் பாசத்தை நினைத்தால் கோபம் இன்னும் ஏறியது.

"அத்தே" என்றாள். "காலைல துர்காவ வாய மூடுன்னீங்களே, அது எதுக்கு? நா ஆபீசுக்கு லேட்டாவக் கூடாதுன்னா?"

ஜெகதாம்பாள் தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கினாள்.

சுவர் ஓரம் உட்கார்ந்திருந்த வரலட்சுமி எழுந்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்தபோது இருந்தவள் இல்லை அவள். பயம் போன இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துவிட்டது.

"எம் பொண்ணு கை உங்க அடுப்புக்கு வெறகு இல்ல சம்மந்தி."

ஜெகதாம்பாளை இந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசியதில்லை. வரலட்சுமி அதோடு நிறுத்திக்கொண்டாள். கண்ணகியை உட்கார வைத்து, சமையல்கட்டிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து வந்து, வீங்கிய மணிக்கட்டில் தடவி, வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். இப்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அத்தே, இன்னொண்ணு" என்றாள் கண்ணகி. "துர்கா இன்னிக்கு அம்மாவுக்கு மட்டும் போன் பண்ணியிருக்க மாட்டா. ஊர்ல மாமாவுக்கு, பெரியம்மாவுக்கு, எல்லாருக்கும் சொல்லியிருப்பா. எங்கம்மா கை பட்டுதான் இப்டி ஆச்சுன்னு. இப்ப எங்ககிட்ட சொன்னத அவங்ககிட்டயும் சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான் சொல்லணும். நா சொன்னா யாரு நம்புவா? எங்கம்மாவே நம்பல."

ஜெகதாம்பாள் மருமகளை நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்தே மூடி வைத்தேன் என்று சொந்த வாயால் சொந்தக்காரர்களுக்குச் சொல்வது லேசா? அவள் முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். போன் இருந்த மூலைக்கு நடந்தாள்.

"துர்கா, யார் யாருக்குப் போட்ட?"

"யம்மா, வுடும்மா."

"நம்பர் சொல்லுடி."

அப்போதுதான் மணி வந்தான். மழையில் நனைந்த சட்டையோடு வாசல்படியில் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ, அவன் காலடியில் தண்ணீர் குளமாகத் தேங்கியிருந்தது. கூடத்தில் அவன் மாமியார் வரலட்சுமி தரையில் உட்கார்ந்து மனைவியின் கையில் எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள். அம்மா ஜெகதாம்பாள் போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறாள். கழற்றிய வளையல்கள் தட்டில் கிடக்கின்றன.

புதிதாகப் பார்க்கிறவன் என்ன கேட்பான்? கைக்கு என்ன ஆச்சு என்று கேட்பான். மணி கேட்கவில்லை.

"நாளிக்கு ஆபீசு கீதா, இல்லியா?" என்றான்.

கண்ணகி அவனைப் பார்த்தாள். ஒரே கட்டிலில், ஒரே கொசுவலைக்குள், ஆடியிலிருந்து இன்றுவரை அவன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். தினமும் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து கையை உதறியிருக்கிறாள். அவன் சுவர் பக்கம் திரும்பித்தான் படுத்திருப்பான்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "நா எழுந்து கைய ஒதறும்போதெல்லாம் நீங்க முழிச்சிக்கினுதான் இருந்தீங்களா?"

மணி சட்டையைப் பிழிந்தான். தலையைத் துவட்டத் துண்டைத் தேடினான். அம்மாவைப் பார்த்தான், அம்மா பார்க்கவில்லை.

"கொசுவாட்டம் கீதுன்னு நெனச்சேன்" என்றான்.

வரலட்சுமி கடைசி வளையலைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"அம்மா" என்றாள் கண்ணகி, அவனையே பார்த்தபடி. "உள்ள கட்டிலுக்கடியில எம் துணிப் பை கீது. எடுத்துகினு வா, நானும் உங்கூட மாமல்லபுரம் வர்றேன்."